பழத்தோட்டமும் பஞ்சமும் - பண்டித ரமாபாயின் நம்பிக்கை

புனேயில் எங்கள் தமிழ் ஜெபக்குழு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். பாட்டு, ஜெபம், சின்னதாக ஒரு செய்தி, கடைசியில் இட்லி. போன மாதம் எங்கள் வீட்டு முறை. சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு தம்பி எழுந்தான். தூத்துக்குடிப் பக்கம், ஐ.டி. வேலை. கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம். வீட்டுக்கடன் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஊரில் தங்கைக்கு வேறு நிச்சயம் ஆகியிருக்கிறது.

"கவலைப்படாதீங்கன்னு வசனம் இருக்குண்ணே, தெரியும். ஆனா அஞ்சாம் தேதி ஈ.எம்.ஐ. வந்துருமே. அத எதை வச்சுண்ணே கட்டுறது?" என்றான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "விசுவாசிங்க தம்பி, கர்த்தர் பாத்துக்குவார்" என்றார். அவனும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. 2009-ல் எனக்கு வேலை போனபோது நானும் இப்படித்தான் தலையாட்டினேன். சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு கேட்காவ் போய் வந்தேன். புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் ரயில் பாதையில், தவுண்டு வருவதற்கு முன்னால் உள்ள சின்ன ஊர். சுமார் அறுபது கிலோமீட்டர் இருக்கும். அங்கேதான் பண்டித ரமாபாய் தொடங்கிய முக்தி மிஷன் இருக்கிறது. இங்கே பல வருடமாக வாழும் தமிழர்களிலும் அங்கே போனவர்கள் குறைவு. போகும் வழியில் அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரமாபாய் பிறந்தது 1858-ல், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் சொல்லித்தரக் கூடாது என்றிருந்த காலத்தில் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். மனைவி லட்சுமிபாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சிறுமி ரமா பல ஆயிரம் சுலோகங்களை மனப்பாடமாகச் சொல்வாள். குடும்பம் ஊர் ஊராக, கோயில் கோயிலாக நடந்தது. புராணம் வாசிப்பார்கள், கேட்பவர்கள் கொடுப்பதை வைத்து வாழ்வார்கள்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இங்கேதான் வருகிறது. 1870-களில் மதராஸ் மாகாணத்தில் பஞ்சம். இந்தக் குடும்பம் அப்போது தெற்கே இருந்தது. கையிலிருந்த பணமும் பாத்திரமும் துணிமணியும் போயின. தானம், விரதம், பாராயணம் என்று சாஸ்திரம் சொன்ன எல்லாவற்றையும் செய்தார்கள், உதவி வரவில்லை என்று பிற்காலத்தில் ரமாபாய் எழுதினார். இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதினார். கூலி வேலை செய்ய அவர்களுடைய குலப்பெருமை இடம் தரவில்லை. வேலை எதுவும் தெரியவும் தெரியாது. 1874-ல் அப்பா இறந்தார். சில வாரங்களில் அம்மா. பிறகு அக்கா. அம்மாவின் பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. ரமா உயரம் குறைவானதால் பாடையைத் தலையில் வைத்துச் சுமந்தார். அப்போது வயது பதினாறு.

மீந்தது அண்ணனும் தங்கையும்தான். இருவரும் வடக்கே நடந்தார்கள். 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த பண்டிதர்கள் இந்தப் பெண்ணின் அறிவைப் பார்த்து அசந்துபோய் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். அதோடு துக்கம் ஓயவில்லை. 1880-ல் அண்ணன் இறந்தார். அதே வருடம் பிபின் பிஹாரி மேத்வி என்ற வங்காள வக்கீலைச் சாதி மாறித் திருமணம் செய்தார். 1882-ல் அவரும் காலராவில் போய்விட்டார். இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தை மனோரமாவோடு விதவை.

1883-ல் இங்கிலாந்து போனார். அந்த வருடம் செப்டம்பரில் வான்டேஜ் என்ற ஊரில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். 1886-ல் அமெரிக்கா போய், இந்திய விதவைகளின் நிலையைப் புத்தகமாக எழுதி, ஊர் ஊராகப் பேசினார். 1887-ல் பாஸ்டனில் ரமாபாய் சங்கம் அமைந்தது. அவர் தொடங்கப் போகும் விதவைகள் பள்ளிக்குப் பத்து வருடம் பணம் தருவதாக வாக்குக் கொடுத்தது. 1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதன் தொடங்கியது. அடுத்த வருடம் புனேக்கு வந்தது.

ஞானஸ்நானம் வாங்கி எட்டு வருடம் கழித்துத்தான் தனக்கு ஒரு விஷயம் புரிந்ததாக ரமாபாய் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவ மதம் தனக்குக் கிடைத்திருந்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று. சிறு வயதிலிருந்து புண்ணியம் சேர்த்து சேர்த்து ஓய்ந்துபோன மனசு அது. சம்பாதிக்க முடியாதது, இலவசமாகவே வருவது கிருபை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நம்மில் பலருக்கு இது ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். தெரிவது வேறு, உறைப்பது வேறு இல்லையா?

அது உறைத்த பிறகு வாழ்க்கை சுலபமாகிவிட்டதா என்றால், இல்லை! 1893-ல் புனேயில் பெரிய புயல். பள்ளியில் பெண்களை மதம் மாற்றுகிறார் என்று குற்றச்சாட்டு. திலகரின் கேசரி கடுமையாக எழுதியது. ரானடே, பண்டார்க்கர் போன்ற ஆலோசகர்கள் விலகிக்கொண்டார்கள். பல குடும்பங்கள் பெண்களைக் கூட்டிப்போய்விட்டன. ஒரு காலத்தில் கொண்டாடிய ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அமெரிக்கப் பணமும் பத்து வருடத்தில் நின்றுவிடும். அப்புறம் பள்ளி எப்படி நடக்கும்? நம்மைப் போலவே ரமாபாயும் கணக்குப் போட்டார். கேட்காவில் சுமார் நூறு ஏக்கர் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, பழமரம் நட்டார். மரம் காய்த்தால் அந்த வருமானத்தில் பள்ளி நடக்கும். நல்ல திட்டம்தானே? நம் பாஷையில் சொன்னால் பென்ஷன் பிளான். இதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

மரம் காய்த்து வருமானம் நிலைப்பதற்குள் பஞ்சம் வந்துவிட்டது. 1896-97-ல் மத்திய மாகாணங்களில் ஜனங்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அநாதைப் பெண்பிள்ளைகளைத் தவறான தொழிலுக்குப் பிடித்துப் போக ஆட்கள் அலைந்தார்கள். ரமாபாய்க்குத் தன் பதினாறு வயது ஞாபகம் வந்தது. கையில் அதிகப் பணம் இல்லை. அமெரிக்கச் சங்கத்தின் பணமோ உயர்சாதி விதவைகளின் பள்ளிக்கென்று திரட்டியது. பஞ்சத்தில் கிடப்பவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. போகாமல் இருக்க நியாயமான காரணங்கள் நிறைய இருந்தன. ஆனாலும் போனார். சுமார் 300 பெண்களையும் சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டார்.

அதே நேரத்தில் புனேயில் பிளேக். இத்தனை பேரை ஊருக்குள் தங்கவைக்க அதிகாரிகள் விடவில்லை. எங்கே போவது? கேட்காவ் நிலம் இருந்தது. பழத்தோட்டம் போடுவதற்காக வாங்கிய இடத்தில் கூடாரமும் கொட்டகையும் எழுந்தன. பள்ளியின் எதிர்காலத்துக்கு என்று சேர்த்த சொத்து, யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்கு நிழலாகிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் முக்தி. மராத்தியிலும் தமிழிலும் அந்தச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள்.

இந்த இடத்தில் அந்தத் தம்பி கேட்டான். "அண்ணே, அவங்க அப்பா அம்மாவும் தெய்வத்தத்தான நம்புனாங்க? பட்டினியால செத்துப் போனாங்களே. அப்புறம் எந்தத் தைரியத்துல இவங்க முந்நூறு பேரக் கூட்டிட்டு வந்தாங்க?"

சரியான கேள்வி. ரயிலில் பாதி வழி அதைத்தான் பேசினோம். 'அவர்கள் கும்பிட்டது வேறு, நாம் கும்பிடுவது வேறு' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நம் ஆட்கள் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் கிறிஸ்தவர்களும் பஞ்சத்தில் செத்திருக்கிறார்கள். ஜெபித்தவர்களுக்கும் வேலை போயிருக்கிறது. அதனால் அந்தப் பதில் போதாது.

ரமாபாய் செய்ததைப் பார்த்தால் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, பெற்றோரின் பட்டினியிலிருந்து அவர் பாடம் கற்றிருந்தார். முக்தியில் கையைக் கட்டிக்கொண்டு யாரும் உட்காரவில்லை. நெசவு, தையல், விவசாயம், பால் மாடு, எண்ணெய் ஆட்டுவது, அச்சுக்கூடம் என்று எல்லாப் பெண்களும் ஏதாவது ஒரு வேலை கற்றார்கள். எந்த வேலையும் இழிவு கிடையாது. ஜெபமும் உழைப்பும் அங்கே சண்டை போடவில்லை. தேவைகளை எழுதி ஆதரவாளர்களுக்கு அனுப்பவும் அவர் கூச்சப்படவில்லை.

இரண்டாவது, கிருபையை அவர் தனக்கு மட்டும் கிடைத்த காப்பீடாக எண்ணவில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை யாரிடமும் பணம் கேட்காமல் வளர்த்த ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கையை வாசித்திருந்தார். அங்கே நம்பத்தக்கவராக இருந்த கர்த்தரை இந்தியாவிலும் அப்படி நம்ப முடியாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கவனியுங்கள், தனக்கு என்ன கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. வாசலில் நிற்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லாமல் இருக்கலாமா என்று கேட்டார். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி இயேசு பேசியதும் அதைத்தானே? நாளைய பயம் கையைக் கட்டிப்போட்டால் இன்றைக்கு முன்னால் நிற்கிறவன் நம் கண்ணில் படமாட்டான்.

1899-1900-ல் குஜராத் பக்கம் பஞ்சம் வந்தது. மறுபடியும் கதவு திறந்தது. 1900 வாக்கில் முக்தியில் 1,500 பேருக்கு மேல் இருந்தார்கள். தவறான வாழ்க்கையில் சிக்கி மீண்ட பெண்களுக்கு ஒரு தனி வீடு கட்டினார். சமுதாயம் திரும்பிப் பார்க்கக்கூட விரும்பாத பெண்கள். அந்த வீட்டுக்கு அவர் வைத்த பெயர் கிருபா சதன்!

கடைசிக் காலத்தைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். மகள் மனோரமா அம்மாவுக்கு வலது கையாக இருந்தார். பார்வையற்ற பெண்களுக்குப் பிரெய்ல் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அம்மாவுக்குப் பிறகு முக்தியை நடத்த வேண்டியவர். 1921 ஜூலையில், நாற்பது வயதில் இறந்துபோனார். தேவன் உண்மையுள்ளவர் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன அம்மாவுக்கு ஒரே மகளும் போய்விட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. ரமாபாயிடமும் விளக்கம் இருந்ததாகத் தோன்றவில்லை. அவரிடம் வேலை இருந்தது. படிப்பறிவு குறைந்த பெண்களும் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவே எபிரேயமும் கிரேக்கமும் படித்தவர். கடைசித் திருத்தம் வரை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி கண்ணை மூடினார். அதை முக்தியின் பெண்களே அவர்களுடைய அச்சுக்கூடத்தில் அச்சடித்தார்கள்.

கேட்காவில் இறங்கி முக்தி வளாகத்துக்குள் நடந்தோம். பெரிய ஆலயம், பழைய கட்டடங்கள், மரங்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஆதரவற்ற பெண்களும் பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். தம்பி அதிகம் பேசவில்லை. ஆலயத்துக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது ரயிலில் நானும் அவனும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். கையிருப்பு எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும், கடன் தவணையைத் தள்ளிப்போட வங்கியில் யாரைக் கேட்பது, யார் யாருக்கு ரெஸ்யூம் அனுப்பலாம். குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரு தொகை எடுத்துவைக்கலாம் என்று நானும் சொன்னேன். 2009-ல் எனக்கு வேண்டியிருந்ததும் இதுதான். வசனம் சொல்ல அப்போது ஆள் இருந்தது. தாளும் பேனாவும் எடுத்து வந்து பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை.

ஹடப்ஸர் தாண்டும்போது அவன் சொன்னான். "எங்க டீம்ல விருதுநகர் பையன் ஒருத்தன் இருக்காண்ணே. அவன் பேரும் லிஸ்ட்ல இருக்குன்னு பேசிக்கிடுறாங்க. பி.ஜி. ரூம்ல தனியாக் கெடக்கான். அவன் சர்ச்சுக்கெல்லாம் வர்ற ஆள் இல்ல. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வருவான்."

அடுத்த கூட்டம் அந்தத் தம்பியின் வீட்டில். வேலை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. நேற்று அவன் மனைவி என் மனைவிக்குப் போன் செய்து, "அக்கா, மொத்தம் எத்தன பேருக்கு மாவு அரைக்க?" என்று கேட்டாளாம். எப்போதும் வருகிறவர்களோடு ஒருவர் கூட என்று சொல்லியிருக்கிறார்கள்.