போலரின் வாசலில் இரண்டு முறை

ஒரு பாதுகாப்பு ஓட்டையின் பூர்வீகத்தைத் தேடும்போது நான் திருத்தத்திலிருந்துதான் தொடங்குவேன். அறிவிப்பு பத்து வாக்கியங்களில் சொல்வதை, மாற்றப்பட்ட வரி நேராகக் காட்டிவிடும். கேக்டை விஷயத்திலும் 1.2.22, 1.2.23 என்ற இரண்டு வெர்ஷன்களின் மூலநிரலை அருகருகே வைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கேக்டை, இயன் பெர்ரி 2001-இல் தொடங்கிய இலவச மென்பொருள். ரூட்டர், ஸ்விட்ச், சர்வர் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசாரித்து வரைபடமாகக் காட்டும். அப்படி விசாரிக்கும் பகுதிக்குப் பெயர் போலர். 2022 டிசம்பரில் வெளியான ஓட்டையைக் கண்டுபிடித்தவர் சோனார் நிறுவனத்தின் ஸ்டீபன் ஷில்லர். பாஸ்வேர்டே இல்லாமல், வெளியாள் ஒருவர் சர்வரில் தன் கமாண்டை ஓட்டலாம். ஆபத்து மதிப்பெண் 10-க்கு 9.8.

திருத்தத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரே ஓர் எழுத்து. போலரின் எண்ணை வாங்கும் ஃபங்ஷனின் பெயரில் 'என்ஃபில்டர்' என்று இருந்தது 'ஃபில்டர்' ஆகியிருந்தது. முந்தையது எந்த எழுத்து வந்தாலும் அப்படியே உள்ளே விடும். பிந்தையது எண்ணை மட்டும் விடும். எண்ணுக்குப் பதிலாகக் கமாண்ட் வந்தால் அதுவும் இயங்குதளத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்த எண்ணை வாங்கும் ஃபைலைத் தொட மற்ற போலர்களுக்கு மட்டும்தானே அனுமதி? அங்கேதான் இரண்டாவது முடிச்சு. வருபவரின் ஐபி முகவரியைப் பார்த்து, அது போலர் பட்டியலில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா என்று நிரல் சரிபார்த்தது. முகவரியை எடுத்த இடமோ, ப்ராக்ஸிகள் எழுதி அனுப்பும் ஹெடர்கள். ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கேக்டை ஓடும் சர்வரே பட்டியலில் முதல் போலராக இருக்கும் என்பதால், அதன் முகவரியையே எழுதி அனுப்பினால் போதும். வாசலில் நிற்பவரிடமே 'நீங்கள் யார்?' என்று கேட்டு, சொன்ன பெயரைப் பதிவேட்டில் தேடிப் பார்த்துக் கதவைத் திறப்பது போன்ற ஏற்பாடு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். போலர் என்ற பெயர் விடவில்லை. கேக்டையின் பழைய ஓட்டைகளின் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். 2006 டிசம்பர் கடைசியில் வெளியான 6799 எண் பதிவில் கை நின்றது. 0.8.6i வெர்ஷன். ஓட்டை இருந்த ஃபைல், அந்தக் காலத்துப் போலரேதான்.

அது கிரான் மூலம், கமாண்ட் லைனில் மட்டும் ஓட வேண்டியது. இருந்ததோ வெப் ஃபோல்டருக்குள். தன்னோடு ஆர்கியுமென்ட் வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் கமாண்ட் லைன் என்று நம்பியது. பிஎச்பியில் ஒரு செட்டிங் போட்டிருந்தால், பிரவுசர் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் எழுதுவதும் ஆர்கியுமென்டாகவே வந்து நிற்கும். அதன் வழியே டேட்டாபேஸ் கேள்வியைத் திரித்து, கிடைத்த பதிலைக் கமாண்டாக ஓடவைக்க முடிந்தது. 2007 ஜனவரியில் வந்த திருத்தம், பிரவுசரிலிருந்து வந்ததற்கான அடையாளம் ஏதேனும் இருந்தால் வெளியேற்றச் சொன்னது.

பதினாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஓட்டைகள். எழுதிய வரிகள் வேறு, நம்பிக்கை ஒன்றேதான்: போலரிடம் பேசுவது நம் ஆள்தான், அவர் கொண்டுவரும் அடையாளம் உண்மைதான். இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ப்ராக்ஸிக்குப் பின்னால் கேக்டையை ஓட்டுபவர்களுக்கு அந்த ஹெடர் இல்லாமல் உண்மையான முகவரி தெரியாது. தேவைக்காக வைத்த வசதியையே அனுமதிச் சீட்டாகவும் பயன்படுத்தியதுதான் பிழை.

அதன் விலை பெரிது. ரூட்டர்களை விசாரிக்கத் தேவையான எஸ்என்எம்பி ரகசியச் சொற்கள் கேக்டையின் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. 2023 ஜனவரியில் சென்சிஸ் நிறுவனம் இணையத்தைத் துழாவியபோது 6,427 கேக்டை சர்வர்கள் தென்பட்டன. திருத்திய வெர்ஷன் ஓடுவதாகத் தெரிந்தவை 26. மார்ச்சுக்குள் மூபாட், ஷெல்பாட் என்ற தீநிரல்கள் இதே வழியில் பரவுவதை ஃபோர்டிநெட் நிறுவனம் பதிவு செய்தது.

இப்போது கேக்டையில் எந்த ப்ராக்ஸி ஹெடர்களை நம்பலாம் என்ற பட்டியலை நிர்வாகியே கான்ஃபிக் ஃபைலில் எழுதிவைக்கலாம். வேறு எந்தக் கண்காணிப்பு மென்பொருளின் பழைய வெர்ஷனைத் திறந்தாலும் அந்த ஒரு பட்டியலைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.