அடுத்த பாகம் எப்போது?

வரலாற்று நாவல் ஒன்றைப் படித்து முடித்தவரால் சும்மா இருக்க முடிவதில்லை. அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள், அடுத்த பாகம் உண்டா, எப்போது வரும், ஆசிரியர் இப்போது எதை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று துளைத்தெடுக்கிறார். இந்த ஆவலுக்கு நானூறு வயதுக்கு மேல் ஆகிறது. அது போலி நூல்களைப் பிறப்பித்திருக்கிறது, நாளிதழ்களை விற்றுக்கொடுத்திருக்கிறது, ஒரு சுருட்டுக்குப் பெயர் சூட்டியிருக்கிறது, சைவப் பேரறிஞர் ஒருவரை ஆங்கில மலிவு நாவல் பக்கம் இழுத்துவந்திருக்கிறது. கதை எழுதியவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். 'அப்புறம்?' என்று கேட்டவர்களுக்கும் அந்தக் கதைகளில் பெரும் பங்கு உண்டு என்பது என் துணிபு.

ஸ்பெயினில் தொடங்கலாம். 1605இல் செர்வான்டிஸின் 'டான் கிஹோத்தே' வெளிவந்தது. நாயகன் மறுபடியும் புறப்பட்டு ஸரகோஸா நகரத்துப் போட்டிகளுக்குப் போனான் என்று முடிவில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். வாசகர்கள் காத்திருந்தார்கள், ஒன்பது ஆண்டுகள் ஓடின. 1614இல் இரண்டாம் பாகம் கடைக்கு வந்தது. எழுதியவர் செர்வான்டிஸ் இல்லை. அவெல்லனேடா என்ற புனைபெயருக்குள் ஒளிந்திருந்தவர் யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. செர்வான்டிஸின் முதுமையையும், லெபாந்தோ கடற்போரில் செயலிழந்த அவருடைய கையையும் அந்த ஆள் முன்னுரையில் கேலி வேறு செய்திருந்தார். உண்மையான இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்த செர்வான்டிஸுக்கு ரோஷம் பொங்கியது. போலி நாயகன் ஸரகோஸாவுக்குப் போய்விட்டானா? சரி, என் நாயகன் அந்த ஊர் எல்லையையே மிதிக்கமாட்டான் என்று அவனைப் பார்சிலோனாவுக்குத் திருப்பிவிட்டார். இனி எவரும் அவன்மேல் கைவைக்கக் கூடாது என்று கடைசியில் அவனைச் சாகவும் வைத்தார். நூல் 1615இல் வந்தது. மறு ஆண்டு செர்வான்டிஸ் காலமானார். அந்தப் போலி குறுக்கிடாமல் இருந்திருந்தால் அவர் உரிய காலத்தில் முடித்திருப்பாரா? உலக இலக்கியம் ஒரு திருட்டுக்குக் கடன்பட்ட இடம் இது.

இருநூறு ஆண்டுகள் தாண்டி ஸ்காட்லாந்துக்கு வருவோம். நாம் இன்று வரலாற்று நாவல் என்று சொல்வதற்கு அச்சு வார்த்தவர் சர் வால்டர் ஸ்காட். கற்பனையான ஓர் இளைஞனை நடுவில் நிறுத்து. மன்னர்களையும் தளபதிகளையும் அவன் கண்வழியே காட்டு. போரும் சதியும் அவன் காதலுக்கு நடுவே புகுந்து புறப்படட்டும். இதுதான் அவர் கண்ட முறை. 1814இல் 'வேவர்லி'யைப் பெயர் போடாமல் வெளியிட்டார். அடுத்தடுத்து வந்த நாவல்களின் முகப்பில் 'வேவர்லியின் ஆசிரியர் எழுதியது' என்று மட்டும் இருந்தது. யார் அவர் என்ற கேள்வியும் அடுத்தது எப்போது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டதில் ஐரோப்பாவே தவித்தது. 1827இல் எடின்பரோ விருந்து ஒன்றில்தான் ஸ்காட் பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தின ஆண்டு அவருடைய பதிப்பாளரும் அச்சகமும் நொடித்துப்போனதில் ஏறக்குறைய 1,20,000 பவுன் கடன் அவர் தலையில் விழுந்திருந்தது. எழுதியே அடைப்பேன் என்று உட்கார்ந்தார். வாசகரின் ஆவலை நம்பித்தான் அந்த முடிவை எடுத்தார்.

அதே ஆவலை வேறொருவரும் நம்பினார். 1824இல் லைப்சிக் புத்தகச் சந்தைக்கு ஸ்காட்டின் புது நாவல் எதுவும் வரவில்லை. ஜெர்மன் புத்தக வியாபாரிகளுக்குக் கையைப் பிசையும் நிலை. அப்போது 'வால்லட்மோர்' என்ற நாவல் முளைத்தது, ஸ்காட்டின் புது நூலுடைய ஜெர்மன் மொழிபெயர்ப்பு என்ற அறிவிப்புடன். மூலநூல் என்று ஒன்று கிடையாது. வில்லிபால்ட் அலெக்சிஸ் என்ற புனைபெயர் கொண்ட இளைஞர் தாமே எழுதியது அது. இதோடு நிற்கவில்லை. லண்டனில் தாமஸ் டி குயின்ஸி அதை வெட்டிக் குறுக்கி ஆங்கிலத்தில் 'மொழிபெயர்த்தார்'. இல்லாத ஆங்கில நாவலுக்கு ஜெர்மன் வழியாக ஓர் ஆங்கில உருவம் கிடைத்துவிட்டது! ஸ்காட்டே 1825இல் வந்த தம் நூல் முன்னுரையில் அதை வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அலெக்சிஸ் பிறகு பிராண்டன்பர்க்கின் வரலாற்றை நாவல்களாக எழுதி மதிப்புப் பெற்றார். அவருக்கு அந்தப் போலி நாவலே பயிற்சிக்கூடம்.

ஸ்காட் காலத்தில் வாசகர் முழு நூலுக்குக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை நாள்கூலிக் கணக்குக்குக் கொண்டுவந்தது பாரிஸ். 1836இல் எமில் ட ஜிரார்தென் என்ற பத்திரிகையாளர் 'லா பிரஸ்' நாளிதழைத் தொடங்கி, ஆண்டுச் சந்தாவை வழக்கமான 80 பிராங்கிலிருந்து 40 ஆகப் பாதியாக்கினார். விளம்பரம் மீதியை ஈடுகட்ட வேண்டும். விளம்பரம் வர வேண்டுமானால் வாசகர்கள் பெருக வேண்டும். வாசகர் நாளையும் பத்திரிகை வாங்க வேண்டுமானால் இன்றைய கதை பாதியில் நிற்க வேண்டும். பக்கத்தின் அடியில் கோடு போட்டு அதன்கீழ் நாவல் ஓடத் தொடங்கியது.

அலெக்சாண்டர் டூமாவுக்கு இது கைவந்த களம். 1844 மார்ச் முதல் ஜூலை வரை 'லெ சியெக்ல்' நாளிதழில் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' வந்தது. தார்த்தாஞன் என்ற வீரனை அவர் கண்டெடுத்தது, 1700இல் வெளியான ஒரு போலி நினைவுக்குறிப்பு நூலில். மார்செய் நூலகத்திலிருந்து எடுத்துப்போன அந்தப் புத்தகத்தை அவர் திருப்பித் தரவேயில்லை என்பது பிரபலமான செய்தி. ஓகுஸ்ட் மாகே என்ற வரலாற்று ஆசிரியர் தரவு திரட்டி முதல் வரைவு போட, டூமா அதற்கு உயிரூட்டுவார். பின்னால் இருவரும் நீதிமன்றம் ஏறினார்கள். வாசகர்கள் விடவில்லை. அடுத்த ஆண்டே இரண்டாவது நாவல், 1847இலிருந்து மூன்றாவது. இளைஞர்களாக அறிமுகமான நால்வரையும் வாசகர்கள் முதுமை வரைக்கும் பின்தொடர்ந்தார்கள். தொடர்கதைகளின் பிடியைப் பார்த்து அரசாங்கமே மிரண்டது: 1850இல், நாவல் வெளியிடும் நாளிதழ் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சான்டிம் கூடுதல் முத்திரைவரி கட்ட வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் வந்தது. கதைக்கு வரி!

டூமாவின் கதைகள் அட்லாண்டிக்கைக் கடந்து சுருட்டுத் தொழிற்சாலைக்குள்ளும் புகுந்தன. 1865இல் ஹவானா தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பங்கு போட்டு, சுருட்டு உருட்டும் நேரத்தில் உரக்கப் படித்துக்காட்ட ஓர் ஆளை அமர்த்தினார்கள். மறு ஆண்டே காலனி அரசு தடை போட்டது, வழக்கம் சாகவில்லை. 'மான்டி கிறிஸ்டோ கோமகன்' அங்கே மனம் கவர்ந்த கதை. 1935இல் பிறந்த 'மான்டிகிறிஸ்டோ' சுருட்டின் பெயர் அங்கிருந்து வந்தது.

லண்டனில் நடந்தது ஒரு விபத்து. ராபர்ட் சீமோர் என்ற ஓவியரின் வேட்டைப் படங்களுக்கு ஒட்டுக்கதை எழுத 1836இல் டிக்கன்ஸ் என்ற 24 வயது நிருபரை அமர்த்தினார்கள். இரண்டாவது இதழ் வெளிவருவதற்குள் ஓவியர் தற்கொலை செய்துகொண்டார். படத்துக்குக் கதை என்றிருந்தது கதைக்குப் படம் என்றாகி, 400 பிரதியில் தொடங்கிய 'பிக்விக்' 40,000க்கு ஏறியது. உடனே போலிகள் கிளம்பின. அவற்றில் ஒன்று, பிக்விக்கைப் பிரான்சுக்கு அனுப்பிவைத்த 'பிக்விக் அப்ராட்'. எழுதியவர் ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாரிசில் யூஜீன் சூ 'பாரிஸ் மர்மங்கள்' எழுதிப் புகழ்பெற்றதும், 1844இல் ரெனால்ட்ஸ் 'லண்டன் மர்மங்கள்' தொடங்கினார்; வாரம் ஒரு பென்னி விலை. இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் முகம் சுளித்த அந்த நாவல்கள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, நூலகம் நூலகமாக விரும்பிப் படிக்கப்பட்டன.

போலந்தின் கதை சற்று வேறு. 1883இல் ஹென்ரிக் சியன்கியேவிச் 'நெருப்பாலும் வாளாலும்' என்ற வரலாற்று நாவலைத் தொடராக எழுதத் தொடங்கியபோது உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கிட்டிருந்தன. கதை ரஷ்யாவின் பிடியிலிருந்த வார்சாவிலும் ஆஸ்திரியாவின் பிடியிலிருந்த கிராக்கோவிலும் ஒரே சமயத்தில் வந்தது. பிரிந்துகிடந்த மக்கள் ஒரே அத்தியாயத்துக்குக் காத்திருந்தார்கள். அதில் போட்பிபியென்டா என்ற நல்மனம் கொண்ட வீரன் இறந்தபோது தேவாலயங்களில் அவனுக்காகப் பூசை செய்வித்தார்கள் என்று போலந்தில் சொல்வதுண்டு. நாடில்லாதவர்களுக்கு அந்தத் தொடர் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்தியாவுக்குள் ஸ்காட்டும் ரெனால்ட்ஸும் வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்தார்கள். ஸ்காட் கல்லூரி வழியாக வந்தார். வங்காளத்தில் பங்கிம் சந்திரர் 1865இல் 'துர்கேசநந்தினி'யை வெளியிட்டார். 'ஐவன்ஹோ' சாயல் என்றார்கள், தாம் அதை அப்போது படித்திருக்கவில்லை என்றார் அவர். 1872இல் அவர் தொடங்கிய 'பங்கதர்ஷன்' மாத இதழில் தொடர்கதை வந்தது. அடுத்த இதழுக்கு மாதம் முழுக்கக் காத்திருந்து, வந்த பிறகும் வீட்டுப் பெரியவர்கள் படித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க நேர்ந்த வேதனையைத் தாகூர் தம் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் 1891இல் சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா'. தமிழில் முதல் வரலாற்று நாவலாகச் சொல்லப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் தந்தவர் திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை, களம் நாயக்கர் காலம்.

ரெனால்ட்ஸ் சந்தை வழியாக வந்தார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவருடைய கதைகளுக்கு வேட்டி கட்டி, ஊர்ப்பெயர் மாற்றி, தமிழ் வாசகர்களிடம் விட்டார்கள். மறைமலையடிகளின் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' கூட, ஜார்ஜியாவின் மிங்ரேலியாவைப் பின்புலமாகக் கொண்ட ரெனால்ட்ஸ் நாவல் ஒன்றின் தழுவல்தான். பிக்விக்கைக் களவாடியவர் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையிடம் வந்து சேர்ந்த பாதை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. தழுவல் என்று இவற்றைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. அத்தியாயத்தின் முடிவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் தமிழ் வாசகர் கூட்டத்தைத் தயார் செய்தவர்கள் இவர்கள்.

அந்தக் கூட்டத்தின் முன் வந்து நின்றார் கல்கி. டூமாவையும் ஸ்காட்டையும் ரசித்துப் படித்தவர். 1941இல் 'கல்கி' இதழ் தொடங்கியதும் 'பார்த்திபன் கனவு', பிறகு 'சிவகாமியின் சபதம்', 1950 அக்டோபர் 29 முதல் மூன்றரை ஆண்டுகள் 'பொன்னியின் செல்வன்'. நடுவில் ஓர் இளைஞன், அவன் கண்வழியே மன்னர்கள் என்ற ஸ்காட்டின் முறை வந்தியத்தேவனிடம் அப்படியே பொருந்துகிறது. உள்ளே ஓடுவதோ நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் போன்றோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படித்துத் தந்த சோழ வரலாறு. மணியம் வரைந்த படங்களோடு வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு வைத்த குடும்பங்கள் எத்தனை! தாத்தா பைண்டு செய்ததைப் பேத்தி படித்தாள்.

1954இல் தொடர் முடிந்ததும் கடிதங்கள் குவிந்தன. திடீரென்று முடித்துவிட்டீர்களே, இன்னார் என்ன ஆனார், இவருக்கும் அவருக்கும் திருமணம் நடந்ததா என்று. கல்கி அவற்றைத் தட்டிக்கழிக்கவில்லை. முடிவுரை எழுதி, பாத்திரம் பாத்திரமாகப் பதில் சொன்னார். மேற்கொண்டு உள்ள கதையை வருங்கால எழுத்தாளர்கள் எழுதட்டும் என்று வழியும் திறந்துவிட்டார். செர்வான்டிஸ் பூட்டிய கதவைக் கல்கி திறந்தார் என்பேன். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதியது அந்தத் திறந்த கதவின் வழியாகத்தான்.

ஹாங்காங்கில் இன்னொரு வேடிக்கை. டூமாவின் ரசிகரான ஜின் யோங் 1959இல் 'மிங் பாவ்' நாளிதழைத் தொடங்கியது தம் தொடர்கதையை நம்பி. 1965இல் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது, ஓடிக்கொண்டிருந்த நாவலை நண்பர் நி குவாங்கிடம் ஒப்படைத்தார். வந்து பார்த்தால் முக்கியமான பெண் பாத்திரம் ஒருத்தி கண்ணிழந்து கிடக்கிறாள். நண்பருக்கு அவளைப் பிடிக்காதாம். லட்சம் பேர் படித்துவிட்டதை எப்படி மாற்றுவது? அந்தக் குருட்டுத்தன்மையையே கதையின் போக்காக்கிச் சமாளித்தார் ஜின் யோங்.

வாசகரின் கேள்விக்கு ஆசிரியரின் ஆயுள் போதாமல் போவதும் உண்டு. கப்பற்படை நாவல்கள் எழுதிய சி. எஸ். ஃபாரஸ்டர் 1966இல் இறந்ததும், அந்த இடத்தை நிரப்ப அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று தேடிப் பிடித்தவர் பேட்ரிக் ஓ'பிரையன். அவர் 20 நாவல்கள் எழுதி, 21ஆவதைப் பாதியில் விட்டு 2000இல் காலமானார். அந்தப் பாதியையும் 2004இல் அச்சிட்டார்கள், வாசகர்கள் வாங்கினார்கள்.

தமிழில் இந்த வரிசை அறுபடவேயில்லை. 'குமுத'த்தில் சாண்டில்யன், பிறகு 'உடையார்' எழுதிய பாலகுமாரன் என்று அது நீண்டது. 1999இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட, பதிப்பகங்கள் பல 'பொன்னியின் செல்வ'னை அச்சிட்டன. 2022, 2023இல் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது, நாவலைத் தொட்டிராத இளைஞர்கள் ஐந்து பாகங்களையும் வாங்கிச் சென்றார்கள். அவர்கள் கேட்பதும் பழைய கேள்விதான்: வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பதில் இருக்கிறது. இராசராசனின் தமக்கை குந்தவை அங்கே வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்றே குறிக்கப்பட்டிருக்கிறார்.