வீட்டுக்கு முன் அண்டை: மதீனா முதல் ஆலங்குளம் வரை



எம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தார். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையை நம்பியே அவரது குடும்பம் வளர்ந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், வாழ்நாள் சேமிப்பைத் திரட்டி முதன்முதலாகச் சொந்த வீடு வாங்க எண்ணியிருக்கிறார். அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இராஜபாளையத்தில் பள்ளிவாசலை ஒட்டிய பழைய தெருவில் ஒத்திக்கு ஒரு சிறு வீடு. மற்றொன்று, நகரின் ஓரத்தில், நேற்றுவரை தோட்டமாக இருந்து இன்று தெருவாக மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் சொந்தமாக ஒரு வீடு. அங்கே முஸ்லிம் குடும்பங்கள் மூன்றோ நான்கோதான். சாலை இன்னும் மண்ணாகவே கிடக்கிறது. பாங்கொலி காற்று வீசும் திசையைப் பொறுத்தே கேட்கும்.

“ஹஜ்ரத், பிள்ளைகளின் தீனுக்காக ஒத்தி வீட்டிலேயே இருந்துவிடட்டுமா?” என்று கேட்டார்.

இத்தகைய கேள்விக்கு நான் பல்லாண்டுகளாக ஒரே விடையைத்தான் சொல்லி வந்தேன்: பள்ளிவாசலின் நிழலை விட்டு விலகாதீர்கள். அந்த விடையில் பாதி உண்மைதான் உண்டு என்பதை, ஸீராவையும் ஹதீஸ்களையும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்து மீண்டும் வாசித்தபோது உணர்ந்தேன். அந்த வாசிப்பையே இங்கே பகிர்கிறேன்.

கி.பி. 622இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்தடைந்த யத்ரிப், நாம் இன்று கற்பனை செய்யும் அமைதி நகரமாக அன்று இருக்கவில்லை. ஈச்சந்தோப்புகளுக்கு இடையே குலம் குலமாகச் சிதறிக் கிடந்த குடியிருப்புகளின் தொகுப்பு அது. அவ்ஸ், கஸ்ரஜ் ஆகிய இரு குலங்களும் சில ஆண்டுகளுக்கு முன்புதான் புஆஸ் போரில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. யூதக் குலங்களும் அங்கே வாழ்ந்தன. ஊரோ காய்ச்சலுக்குப் பெயர்பெற்றது. வந்த சில நாள்களிலேயே அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) போன்றோர் நோயில் விழுந்ததையும், பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கை நினைத்து ஏங்கியதையும் அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக ஆக்குவாயாக என்று நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்தது இந்தச் சூழலில்தான். முஹாஜிர்கள் முழுமை பெற்ற ஓர் ஊரைத் தேடிப் போய்க் குடியேறவில்லை. குடியேறிய ஊரை அவர்களே முழுமையாக்கினார்கள்.

எப்படி ஆக்கினார்கள் என்பதில்தான் வீடு வாங்குவோருக்கான பாடங்கள் இருக்கின்றன.

முதற்பாடம் மனையின் தூய்மை. மஸ்ஜிதுந் நபவீ எழுந்த நிலம், ஈச்சம்பழம் உலர்த்தும் களமாக இருந்தது. அது ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் அதை அன்பளிப்பாகத் தர முன்வந்தும் நபி (ஸல்) அவர்கள் ஏற்காமல் விலைக்கே வாங்கினார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அந்த நிலத்தில் பழைய புதைகுழிகளும் இடிபாடுகளும் ஈச்ச மரங்களும் இருந்தன. குழிகள் அகற்றப்பட்டன. இடிபாடுகள் சமப்படுத்தப்பட்டன. வெட்டிய மரங்கள் கிப்லாத் திசையில் வரிசையாக நாட்டப்பட்டன. நிலத்தின் தோற்றம் குறையாகக் கருதப்படவில்லை. உரிமையில் ஐயம் இருப்பதுதான் குறையாகக் கருதப்பட்டது.

இரண்டாம் பாடம் தண்ணீர். மதீனாவில் நல்ல குடிநீர் கிடைத்த ரூமா கிணற்றில் நீர் விலைக்கே விற்கப்பட்டது. அதை வாங்கி மக்களுக்குப் பொதுவாக்குபவருக்குச் சுவர்க்கம் உண்டென்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் வாங்கி அர்ப்பணித்தார்கள். புதிய குடியிருப்பில் ஒருவர் செய்யும் முதல் தர்மம் தண்ணீராக இருக்கலாம் என்பதை அக்கிணறு நமக்குச் சொல்கிறது.

மூன்றாம் பாடம்தான் என் பழைய விடையைத் திருத்தியது. பனூ ஸலிமா என்ற அன்ஸாரிக் குலத்தாரின் வீடுகள் பள்ளிவாசலிலிருந்து தொலைவில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டுப் பள்ளிவாசலை ஒட்டிக் குடியேற அவர்கள் விரும்பினார்கள். நோக்கம் தூயது, ஜமாஅத் தொழுகைக்காகவே கேட்டார்கள். ஆயினும் நபி (ஸல்) அவர்கள் அதை ஊக்குவிக்கவில்லை. நீங்கள் எடுத்து வைக்கும் அடிச்சுவடுகள் நன்மையாகப் பதியப்படுகின்றன என்று கூறி, இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தார்கள். மதீனாவின் ஓரப்பகுதிகள் ஆளின்றி வெறுமையாகிவிடுவதை அவர்கள் விரும்பவில்லை என்று அனஸ் (ரலி) காரணத்தையும் சேர்த்தே அறிவிக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு அருகில் வாழ்வது சிறப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாரும் ஒரே தெருவில் நெருக்கிக்கொள்வது அந்தச் சிறப்பின் நிபந்தனை அல்ல. தூரத்து வீட்டிலிருந்து நடந்து வருபவரின் காலடிக்கும் கணக்கு உண்டு.

நான்காம் பாடம் ஒரு கிரயம். நபி (ஸல்) அவர்கள் விடுதலை செய்த அபூராஃபிஉ (ரலி), ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் வந்து, உங்கள் வளாகத்திலுள்ள என் இரு அறைகளை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஸஅத் (ரலி) முதலில் மறுத்தார்கள். உடனிருந்த மிஸ்வர் (ரலி) வற்புறுத்தவே, நாலாயிரத்துக்கு மேல் தர மாட்டேன், அதையும் தவணையாகவே தருவேன் என்றார்கள். வேறொருவர் 500 தீனார் தர முன்வந்திருந்தும், அண்டை வீட்டாரே அருகாமையால் அதிக உரிமையுள்ளவர் என்று நபி (ஸல்) கூறக் கேட்டிருந்த ஒரே காரணத்தால் அபூராஃபிஉ (ரலி) ஒப்புக்கொண்டார்கள். அக்காலத்தில் ஒரு தீனார் பத்து முதல் பன்னிரண்டு திர்ஹம் வரை மதிப்புடையது. ஆகவே அவர்கள் விட்டுக்கொடுத்தது குறைந்தது ஆயிரம் திர்ஹம் என்று கணக்கிடலாம். இந்தச் சிறு நிகழ்ச்சியில் அண்டை உரிமையும் இருக்கிறது, வட்டியில்லாத் தவணைக்கு முன்மாதிரியும் இருக்கிறது. அண்டை வீட்டாருக்கு முன்னுரிமை உண்டென்று ஹனஃபீ சட்ட அறிஞர்கள் ஏற்றனர். ஷாஃபிஈ அறிஞர்கள் அதைக் கூட்டுப் பங்காளிக்கு மட்டும் உரியதாக்கினர். நம் பகுதியில் அது நீதிமன்ற உரிமையாக நிற்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 1870லேயே அதை ஏற்க மறுத்துவிட்டது. ஆயினும் விற்பதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லும் ஒழுக்கத்தை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை.

அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டுமா? அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப வினவினார்கள். ஸஹாபாக்களின் சுவருக்கு அப்பால் பிற சமயத்தவர் வாழ்ந்தார்கள், அவர்களுக்கும் அண்டை உரிமை இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவையெல்லாம் பொற்காலத்துச் செய்திகள், நமக்குப் பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். நம் பக்கத்து ஊர்க்காரர்களின் வரலாற்றையே பார்ப்போம். இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி ஆகியவற்றைக் கடந்தால் கடையநல்லூர். அந்த நெசவாளர் ஊரிலிருந்து சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஏராளமான முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குச் சென்றனர். மனைவி மக்களை ஊரில் விட்டுச் செல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், அவர்களில் பலர் குடும்பத்தோடு சென்று தஞ்சோங் பகாரில் நெருக்கமாகக் குடியிருந்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவாயிற்று. 1946இல் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியும் எழுந்தது. வாடகைக் குடித்தனமாயினும், தெருவே ஒரு மஹல்லாவாக இருந்தது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1964இல் அடுக்குமாடி வீடுகளைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. பழைய நெருக்கடிக் குடியிருப்புகள் படிப்படியாக மறைய, குடும்பங்கள் தீவெங்கும் பரவின. 1989 முதல் ஒவ்வோர் அடுக்குமாடிக் கட்டடத்திலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழும்படி விகிதமும் விதிக்கப்பட்டது. சொந்த வீடு கிடைத்தது, பழைய தெரு கலைந்தது. உமறுப்புலவர் பள்ளி மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. இந்த இழப்பைச் சிறிதென்று சொல்ல முடியாது.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. புதிய நகர்ப்பகுதிகளில் பள்ளிவாசல் இல்லையே என்று அங்குள்ள முஸ்லிம்கள் கைகட்டி இருக்கவில்லை. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. உழைப்பாளிகள் தம் மாதச் சம்பளத்திலிருந்து சிறு தொகையை அதற்கு வழங்கினர். அந்நிதியால் எழுந்த முதல் பள்ளிவாசல் 1977இல் தோ பாயோவில் திறக்கப்பட்டது. அதன் பெயர் மஸ்ஜித் முஹாஜிரீன். இடம்பெயர்ந்தோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயராகவே அதை நான் காண்கிறேன். மதீனாவின் பாடம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை: போகும் இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா என்று கேட்பதோடு, போகிறவர்கள் அதைத் தம்மோடு கொண்டு செல்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

இனி நம் ஆலங்குளத்துக்குத் திரும்புவோம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு, இராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே, விருதுநகர் மாவட்டத்திலுள்ள நம் ஆலங்குளம் வேறு. சுண்ணாம்புக்கல் கிடைத்த இம்மண்ணில் 1970இல் அரசு சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. 1976இல் உருவான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் அதை ஏற்றுக்கொண்டது. ஆலையை நம்பிப் பல ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றுசேர்ந்தார்கள். ஆனால் ஆலைக் குடியிருப்பு என்பது பணி ஓய்வோடு சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு. ஒத்தி வீடும் அவ்வாறே, பணம் திரும்பும் நாளில் வீடு நம்முடையதல்ல. அன்றியும், கொடுத்த பணம் அப்படியே திரும்ப வரும்போது வாடகையின்றி அனுபவித்த பயன் வட்டியின் வாசலில் நிற்கிறது என்று உலமாக்கள் பலர் எச்சரித்துள்ளனர். வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்த்த நம் சகோதரர், பள்ளிவாசலுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒத்தியில் நுழைவது முறையா என்று அவரையே கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

பின்னர் இருவரும் ஒரு தாளில் எழுதினோம். மூலப்பத்திரமும் முப்பதாண்டு வில்லங்கச் சான்றும் சரியா? வாரிசுகளில் அநாதைகளோ, கையெழுத்திடாத சகோதரிகளோ உண்டா? மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தபோதும், 2017இல் வரன்முறை விதிகள் வந்தபோதும், பல ஏழைக் குடும்பங்கள் பட்ட அலைச்சலை நாம் கண்டோம். கோடையில் கிணற்றில் நீர் நிற்குமா? பாதையில் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விடுமாறு நபி (ஸல்) தீர்ப்பளித்தார்கள். அந்தத் தெருவில் சந்தூக்கு தடையின்றித் திரும்புமா? எந்த மஹல்லாவில் சந்தா, எந்த ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவு, எந்த மையவாடியில் அடக்கம்? பிள்ளைகள் மக்தபுக்கு யாரோடு போய் வருவார்கள்? இறுதியாக, இருபுறமும் குடியிருப்போர் யார்? ஒரு மாலைப் பொழுதை அவர்களோடு பேசிக் கழித்தீர்களா?

அந்தத் தாளோடு அவர் மூன்று முறை அத்தெருவுக்குச் சென்றார். பத்திரத்தில் விடுபட்டிருந்த ஒரு சகோதரியின் கையெழுத்தைப் பெற்ற பின்பே முன்பணம் கொடுத்தார். விற்றவரும் மீதித் தொகையைக் கூடுதலின்றித் தவணையாகப் பெற இசைந்தார். அவர் முஸ்லிம் அல்லாதவர். அபூராஃபிஉ (ரலி) அவர்களின் வரலாற்றை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அந்தப் பண்பு அவரிடம் இருந்தது.

இப்போது அவ்வீட்டின் முன்னறையில் மஃரிபுக்குப் பின் ஏழு பிள்ளைகள் ஓதுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே சென்று வருகிறேன். நடை சற்று அதிகம்தான். பனூ ஸலிமாவின் நினைவோடு நடந்தால் அது நீளமாகத் தெரிவதில்லை.

முதல் வீடு தேடும் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் வல்ல அல்லாஹ் ஹலாலான பொருளையும், நல்ல அண்டை வீட்டாரையும், பரக்கத் நிறைந்த இல்லத்தையும் அருள்வானாக. நம்மையும் பிறருக்கு நல்ல அண்டை வீட்டாராக ஆக்குவானாக. ஆமீன்.