பார்க்கின்சன் நோய்: மூளையைக் காக்கிறதா பெண்களின் ஹார்மோன்?

கைநடுக்கம், உடல் இறுக்கம், நடையில் தளர்ச்சி எனத் தலைகாட்டும் பார்க்கின்சன் நோய், பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் வருகிறது. பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நினைத்தபடி கைகால் அசைய அது வேண்டும். அந்த அணுக்கள் அழிவதால்தான் இந்நோய் வருகிறது. நடுக்கம் தெரியும்போது அவற்றில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். இவ்வணுக்களைக் கொல்லும் எம்பிடிபி என்ற நச்சைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திய சோதனைகளில், ஈஸ்ட்ரோஜன் பெற்றவற்றுக்குச் சேதம் குறைவாக இருந்தது.

மனிதர்களிடமும் தடயம் உண்டு. மாதவிலக்கு நிற்கும் முன்பே சினைப்பைகளை அகற்றிய பெண்களுக்கு இத்தகைய நோய்க்குறிகள் வரும் வாய்ப்பு கூடுவதை, அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வு 2008-இல் காட்டியது. நம் பெண்கள் பலர் "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். சினைப்பையும் சேர்த்து எடுக்கப்படுமா, அது அவசியம்தானா என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அதற்காக ஹார்மோன் மாத்திரையை நாமே வாங்கி விழுங்கக்கூடாது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை மறதிநோய் வாய்ப்பைக் கூட்டியது 2003-இல் தெரியவந்தது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் பற்றிய முடிவுகளோ ஒன்றுக்கொன்று முரணானவை. இன்றும் முதன்மை மருந்து லெவோடோபாதான். மோப்பம் குறைவது, கையெழுத்து சிறுப்பது, ஒரு கை வீசாமல் நடப்பது போன்றவை தெரிந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.