சிகிச்சைக்குத் துணைவந்த உடன்பிறப்புகள்

பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளின் விருத்தாந்தத்தை எழுதி ஆட்டிசம் என்னும் நிலையை மருத்துவ உலகுக்கு அறிவித்த பின்னர், நெடுங்காலம் அமெரிக்காவில் ஆட்டிசமுள்ள குழந்தைகளைப் பெற்றவர்களே குற்றவாளிகளாகக் கருதப்பட்டு வந்தனர். தாயின் அன்புக் குறைவே காரணம் என்று சாதித்த புரூனோ பெட்டல்ஹைம், சிகாகோவில் தாம் நடத்திய விடுதிப் பள்ளியில் குழந்தைகளைக் குடும்பத்தினின்று பிரித்து வைத்தே சிகிச்சை செய்தார். தாய்க்கே இடமில்லாத அவ்விடத்தில் அண்ணனையும் அக்காளையும் நினைப்பார் யார்?

பெட்டல்ஹைமின் பிரசித்தமான நூல் வெளிவந்த 1967ஆம் ஆண்டிலேயே, கிளாரா பார்க் என்னும் தாய், மூவருக்கு இளையவளாய்ப் பிறந்த, ஆட்டிசமுள்ள தம் மகளை உலகத்தோடு ஒட்டச் செய்வதற்குத் தம் இல்லத்தில் நடந்த பிரயாசையை ‘தி சீஜ்’ என்ற நூலில் எழுதினார். பின்னர் எரிக் ஷாப்ளர் என்னும் உளவியலாளர் 1971இல் பெற்றோரையே உடன்சிகிச்சையாளராக ஏற்க, மறு ஆண்டே வட கரோலினா மாநிலம் அம்முறையைத் தன் திட்டமாக்கிக்கொண்டது.

உடன்பிறப்புகளின் முறை அதன்பின் வந்தது. 1983இல் லாரா ஷ்ரைப்மனும் அவருடைய சகாக்களும் மூன்று ஜோடி உடன்பிறப்புகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, சொல்வதைத் தெளிவாகச் சொல்லவும், பதில் வராதபோது குறிப்புக் காட்டவும், சரியாகச் செய்தவுடன் பாராட்டிப் பரிசளிக்கவும் ஒவ்வொரு ஜோடியிலும் ஆட்டிசமில்லாத பிள்ளைக்குப் பயிற்சி தந்தனர். ஆட்டிசமுள்ள குழந்தைகள் முன்னேறினர். அத்துடன், பயிற்சி பெற்ற பிள்ளைகள் தம் உடன்பிறப்பைப் பற்றிப் பேசும் பேச்சில் குறைகூறல் குறைந்து பிரியம் மிகுந்தது. இரண்டாவது பலனையே நான் பெரிதாக மதிக்கிறேன். என்ன செய்வதென்று அறியாமல் ஒதுங்கி நின்ற பிள்ளைக்கு, தன்னாலும் ஏதோ ஆகும் என்ற தைரியம் அன்றோ அங்கே கிட்டியது!

எனினும், பள்ளியிலிருந்து களைத்து வரும் எட்டு வயதுப் பிள்ளையை வீட்டிலும் ஓர் உபாத்தியாயர் ஆக்கிவிடுவது நியாயமாகாது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து சாண்ட்ரா ஹாரிஸ், டேவிட் செலிபர்ட்டியுடன் 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாடத்தைவிட விளையாட்டுக்கே முதன்மை தரப்பட்டது: தம்பியை விளையாட்டுக்கு இழுப்பதும், அவன் சேர்ந்துகொண்டால் பாராட்டுவதும், வாளாவிருந்தால் மெல்லத் தூண்டுவதுமே கற்பிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு குடும்பங்களுக்கென்று ஹாரிஸ் எழுதிய கைந்நூல், தம்பி ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் விதத்தையும், அவர்களுடைய மனத்தாங்கலைப் பெற்றோர் பொறுமையுடன் கேட்க வேண்டியதன் அவசியத்தையும் விரிவாகப் பேசிற்று.