முதல் பூசை எங்கே நடந்தது?

புனித வெள்ளியன்று பன்றி இறைச்சி சாப்பிட்டதாக ஒரு கத்தோலிக்கர் தானே எழுதி வைத்திருக்கிறார். அதுவும் ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால்!

அவர் பெயர் அந்தோனியோ பிகாஃபெட்டா. இத்தாலிக்காரர். மெகல்லனோடு கப்பலேறி, உலகத்தைச் சுற்றிவிட்டு உயிரோடு ஊர் திரும்பிய மிகச் சிலரில் ஒருவர். 1521 மார்ச் 29. இன்று நாம் பிலிப்பைன்ஸ் என்று சொல்கிற நாட்டில், மசாவா என்ற தீவு. கரையிறங்கிய பிகாஃபெட்டாவுக்கு அந்தத் தீவின் ராஜா விருந்து வைக்கிறார். தட்டில் பன்றி. மறுத்தால் ராஜா கோபித்துக்கொள்வாரே! வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன் என்று மனிதர் தன் குறிப்பில் பாவமன்னிப்பு கேட்காத குறையாக எழுதியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து ஈஸ்டர் ஞாயிறு. காலையில் மெகல்லன் பாதிரியாரைக் கரைக்கு அனுப்பினார். பூசைக்கு ஏற்பாடு. நாங்கள் சாப்பிட வரவில்லை, எங்கள் சாமி கும்பிட வருகிறோம் என்று ராஜாவுக்குத் தகவலும் போனது. சொன்னது யார்? என்ரிக். மலாக்காவில் மெகல்லனுக்குக் கிடைத்த அடிமை. அவன் பேசிய மலாய் ராஜாவுக்குப் புரிந்தது. ராஜா, கேட்காமலேயே இரண்டு பன்றிகளை அறுத்து அனுப்பிவைத்தார்!

ஐம்பது பேர் இருக்கிறதிலேயே நல்ல உடுப்பாகப் பார்த்து அணிந்துகொண்டு இறங்கினார்கள். இரண்டு ராஜாக்கள் கூடவே மண்டியிட்டார்கள், சிலுவையை முத்தமிட்டார்கள். கடலில் நின்ற கப்பல்களிலிருந்து பீரங்கிகள் முழங்கின. மாலையில் ஒரு குன்றின் உச்சியில் சிலுவை நட்டார்கள்.

இன்றைக்குப் பத்துப் பேரில் எட்டுப் பேர் கத்தோலிக்கர்களாக இருக்கிற நாடு பிலிப்பைன்ஸ். அந்த மண்ணில் முதல் திருப்பலி என்று அவர்கள் கொண்டாடுவது இதைத்தான். தேதி தெரியும். யார் யார் இருந்தார்கள் என்று தெரியும். பன்றி எத்தனை என்பதுகூடத் தெரியும்.

எந்த ஊர் என்பதில்தான் சண்டை.

ஒரு பக்கம் லிமாசாவா. லெய்த்தே தீவுக்குத் தெற்கே, சுமார் ஏழு சதுர கிலோமீட்டரில் ஒரு குட்டித் தீவு. ஆறாயிரம் சொச்சம் ஜனம். மறு பக்கம் புத்துவான். மிந்தானாவ் தீவின் வடகரையில், அகூசான் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் பெரிய நகரம்.

முந்நூறு வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவாக, புத்துவான் கட்சிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால் சிரிப்பும் வரும், பரிதாபமாகவும் இருக்கும். பிகாஃபெட்டாவின் முழுக் குறிப்பு அந்தக் காலத்தில் வெளியே கிடைக்கவில்லை. உலாவியது, வெனிஸ் நகரத்து ரமுஸியோ தன் பயணத் தொகுப்பில் சேர்த்திருந்த சுருக்கம். பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இத்தாலியனுக்குத் திரும்பி வந்த சரக்கு. வழியில் மசாவாவும் புத்துவானும் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. 1663-ல் கோலின், 1667-ல் கொம்பெஸ் என்று இரண்டு ஏசு சபைப் பாதிரியார்கள் புத்துவானையே கைகாட்டி எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் அவர்களைப் பார்த்து எழுதினார்கள். பாதிரியாரே சொல்லிவிட்டால் யார் மறுப்பது?

1872-ல் அகூசான் முகத்துவாரத்தில் கல்லில் ஒரு நினைவுச் சின்னமே எழுப்பிவிட்டார்கள். அதில் வெட்டியிருக்கிற தேதி, 1521 ஏப்ரல் 8. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் மிலன் நகரத்து அம்ப்ரோசியானா நூலகத்தில், அமொரெத்தி என்பவர் பிகாஃபெட்டாவின் கையெழுத்துப் பிரதியைத் தேடியெடுத்து 1800-ல் அச்சிட்டார். இந்த மசாவா, வரைபடத்தில் இருக்கிற லிமாசாவாவாக இருக்கலாமே என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரி பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்து வேலை செய்ய கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு பிடித்தது. பிளேர், ராபர்ட்சன் என்ற இருவர் ஆவணங்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் காற்று அப்படியே திசை மாறியது. 1960-ல் லிமாசாவாவை தேசிய நினைவிடமாக அறிவித்துச் சட்டமே போட்டார்கள்.

புத்துவான்காரர்கள் விடுவார்களா? பரம்பரையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த கதை. திடீரென்று உங்கள் ஊர் இல்லையென்றால்? எங்கள் மசாவோதான் அந்த மசாவா, பெயரைப் பாருங்கள் என்றார்கள். 1976-ல் புத்துவான் மண்ணுக்குள்ளிருந்து பழைய மரக்கப்பல்கள் வேறு கிடைத்தன. எல்லாம் மெகல்லனுக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. எவ்வளவு பெரிய துறைமுகம் பார்த்தீர்களா என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

சரி, சாட்சிகளைக் கூப்பிடுவோம். கப்பலில் இருந்தவர்கள் குறித்த அட்சரேகையே ஆளுக்கொன்றாக இருக்கிறது. பிகாஃபெட்டா ஒன்பதே முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவு என்கிறார். அல்போ என்ற மாலுமி ஒன்பதே கால் டிகிரிக்குச் சற்று மேலே என்கிறார். ஜெனோவாக்கார மாலுமி ஒருவர் ஒன்பது என்று முடித்துவிட்டார். லிமாசாவா பத்து டிகிரியை ஒட்டி இருக்கிறது. புத்துவான் ஒன்பதை ஒட்டி. ஆக, பிகாஃபெட்டாவை நம்பினால் லிமாசாவா கிட்டே, ஜெனோவாக்காரரை நம்பினால் புத்துவான் கிட்டே. ஆடுகிற கப்பலில் நின்று சூரியனை அளந்த கணக்கு. இதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

ஆனால் பிகாஃபெட்டா போகிற போக்கில் இன்னொரு தகவல் சொல்கிறார். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பூசையில் மண்டியிட்ட ராஜாக்கள் இரண்டு பேர் என்றேன் இல்லையா? ஒருவர் கொலாம்பு, தீவின் ராஜா. இன்னொருவர் அவருடைய சகோதரர் சியாவி. அவருடைய ராஜ்யம் புத்துவான்! ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால், இருவரும் வேட்டையாட இந்தத் தீவுக்கு வருவார்களாம். புத்துவான் ராஜா வேட்டைக்கு விருந்தாளியாக வந்த இடம் எப்படிப் புத்துவானாகவே இருக்கும்?

இன்னொன்று. ஏழு நாள் அங்கே தங்கியவர் ஆற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. புத்துவானில் நின்றுகொண்டு அகூசானைப் பார்க்காமல் இருக்க முடியாது. சாப்பிட்ட பன்றியைக்கூட விடாமல் எழுதிய ஆள், அவ்வளவு பெரிய ஆற்றை விட்டுவிடுவாரா?

1996 தொடங்கி மூன்று குழுக்கள் அமைத்தார்கள். நீதிபதி கன்காய்க்கோ தலைமையில் ஒன்று, வரலாற்றாளர் லெகார்தா தலைமையில் ஒன்று, கடைசியாக ரெசில் மொஹாரெஸ் தலைமையில் ஒன்று. மூன்றுமே லிமாசாவா என்றன. மொஹாரெஸ் குழுவின் முடிவை 2020-ல் தேசிய வரலாற்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. 2021-ல் ஐந்நூறாவது ஆண்டு விழா லிமாசாவாவில் நடந்தது.

என்னைக் கேட்டால், புத்துவான் இதற்காக இவ்வளவு வருத்தப்பட்டிருக்கவே வேண்டாம். 1001-லேயே சீனத்துச் சோங் பேரரசருக்குத் தூது அனுப்பிய ராஜ்யம் அது. மெகல்லன் வந்து இறங்கித்தான் அந்த ஊருக்குச் சரித்திரம் கிடைக்க வேண்டுமா என்ன? அப்புறம், பூசையில் மண்டியிட்டார்களே, அந்த ராஜாக்கள் அன்றைக்கு ஞானஸ்நானம் வாங்கவில்லை. நாட்டின் முதல் ஞானஸ்நானங்கள் இரண்டு வாரம் கழித்துச் செபுவில் நடந்தன. மசாவாவில் இவர்களுக்கு இருந்த கவலையே வேறு. கொலாம்பு வழிகாட்டிக்கொண்டு செபுவுக்குக் கூட வருவதாகச் சொன்னார். ஆனால் முதலில் என் நெல்லை அறுத்துக் கொடுக்க ஆள் அனுப்புங்கள் என்றார். மெகல்லனும் அனுப்பினார். போனால், முந்தின நாள் குடித்த குடியில் ராஜாக்கள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு வேலை அம்போ. பிறகு இரண்டு நாள் ஸ்பானியக் கப்பல்காரர்கள் கதிர் அறுத்தார்கள்.

ஏப்ரல் 4 அன்றுதான் கிளம்ப முடிந்தது. வழியில் பார்த்த தீவுகளின் பட்டியலில் பிகாஃபெட்டா 'சிலோன்' என்று ஒன்றை எழுதியிருக்கிறார். நம் பக்கத்து வீடு இல்லை, பயப்படாதீர்கள். அவர் சொல்வது லெய்த்தேயை. 7-ம் தேதி செபு துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சினார்கள்.

ஆகவே, கல்வெட்டு சொல்கிற ஏப்ரல் 8-ம் தேதி மெகல்லன் இருந்தது புத்துவானிலும் இல்லை, லிமாசாவாவிலும் இல்லை. செபுவில்.