ஜூம் லென்ஸ்: வரவும் செலவும்

செகண்ட்-ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் வாங்கும் நண்பர்கள் தவறாமல் கேட்பது: "18-55 போதுமா, 18-200 வாங்கலாமா?" பதிலுக்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

1959 வரை 35 மிமீ ஸ்டில் காமிராவுக்கு ஜூம் லென்ஸ் விற்பனைக்கே வரவில்லை. அந்த வருஷம் ஜெர்மனியின் ஃபோக்ட்லாண்டர் 'ஜூமார்' வந்தது. வடிவமைத்தவர் ஃப்ராங்க் பேக்; வியன்னாவிலிருந்து அமெரிக்கா போனவர், அதற்கு முன்பே டிவி காமிராவுக்கு ஜூம் செய்தவர். 36-82 மிமீ, எஃப்/2.8. வெளிச்சம் தாராளம். ஆனால் ரெண்டு மடங்குக்குச் சற்று மேல் ஜூம் பண்ண, கிட்டத்தட்ட முக்கால் கிலோ சுமக்கணும்.

1963-ல் நிக்கான் 43-86 கொண்டுவந்தது. சின்னது, நன்றாக விற்றது. ஆனால் வெளிச்சம் எஃப்/3.5-ஆகக் குறைந்தது, நேர்க்கோடுகள் வளைந்து விழுந்தன.

பிறகு கம்ப்யூட்டர் வந்து லென்ஸ் கணக்குகளை எளிதாக்கியது. 2005-ல் நிக்கான் 18-200: பதினோரு மடங்கு! செலவுப் பக்கத்தையும் பாருங்க. 200-ல் எஃப்/5.6, அதாவது எஃப்/2.8-க்குக் கிடைப்பதில் கால்வாசி வெளிச்சம்தான். ஷட்டர் நாலு மடங்கு நேரம் திறந்திருக்கணும். அதில் இருக்கும் விஆர் உங்க கை நடுக்கத்தைத்தான் சரிக்கட்டும். ஓடுகிற குழந்தையை நிறுத்தாது.

ஆக, கணக்கு 1959-லிருந்து ஒன்றுதான்: ஜூம், வெளிச்சம், எடை, விலை. ஒன்றில் வரவு வைத்தால் இன்னொன்றில் பற்று விழும். பகலில் ஊர் சுற்றவா? 18-200 எடுங்க. மண்டபத்துக்குள் கல்யாணமா? 17-50 எஃப்/2.8 போல ஒன்று. தாலி கட்டுவதை ரீடேக் கேட்க முடியாதுங்க :)